புல்வெளியில் நிற்கமாட்டேன்

சால்ட் லேக்
பிப்ரவரி 1, 1987

லரே அக்கா,

போனில் பேசினால் பத்து நிமிடத்தில் நீ வைத்துவிடுகிறாய், இல்லையென்றால் நான் வைத்துவிடுகிறேன். அதனால் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதானால் முழுக்கப் படித்துவிட்டுக் கிழி.

இரண்டு விஷயம். அந்தப் பழங்கடித வியாபாரி குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டான். ஓரிகான் பத்திரிகைகளிலும் வந்திருக்கும். நம் சபையைத் தொடங்கிய ஜோசப் ஸ்மித், நம் மறைநூல் பொறித்த தங்கத் தகடுகளை மண்ணிலிருந்து எடுக்கப்போனபோது எதிரே வந்தது தேவதூதன் இல்லை, ஒரு வெள்ளை சாலமாண்டர், பல்லி ஜாடையில் ஒரு பிராணி என்று நூற்றைம்பது வருடப் பழைய கடிதம் ஒன்று கிளம்பியதே, அதை எழுதியவன் அவனேதான். குட்டு வெளிப்படாமலிருக்க இரண்டு பேரைக் குண்டு வைத்துக் கொன்றிருக்கிறான். மையைத் தானே காய்ச்சி, ரசாயனம் காட்டிப் பழையதாக்கியிருக்கிறான். நுண்ணோக்கியில் பார்த்தால் மை முதலைத் தோல் மாதிரி வெடித்திருந்ததாம். தாதுக் கல்லைப் பொடித்து அதில் எவ்வளவு செம்பு என்று பார்ப்பதுதான் என் வேலை. எனக்கு இது புரிகிறது. சரக்கு பொய்.

நீ சபையை விட்டுப் போன அன்று அப்பாவின் சாப்பாட்டு மேஜை மேல் அந்தக் கடிதம் வந்த பத்திரிகையைத்தான் போட்டுவிட்டு வண்டி ஏறினாய். காரணம் பொய்யாகிவிட்டது. இனி என்ன?

இரண்டாவது, எனக்குக் கல்யாணம். ஷானாவோடு. செப்டம்பர் 12, மாண்டி ஆலயத்தில். பிஷப் கையெழுத்துப் போட்ட சீட்டு இல்லாதவர் ஆலயத்துக்குள் வர முடியாது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏழு மாதம் இருக்கிறது. உன் ஊர் பிஷப்பைப் போய்ப் பார். அவர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லி ஒரு சீட்டு வாங்கு. இல்லையென்றால் சின்னப் பிள்ளைகளோடும் கோட்டு மூட்டையோடும் வெளியே புல்வெளியில் நிற்பாய்.

எனக்குக் கூடப் பிறந்தது நீ ஒருத்தி. அம்மாவும் இல்லை. நான் முழங்காலிட்டு ஷானாவின் கையைப் பிடிக்கும்போது அந்த அறையில் நீ இருக்க வேண்டும்.

கார்த்


யூஜீன், ஓரிகான்
பிப்ரவரி 19, 1987

டேய் கார்த்,

வாழ்த்துகள். ஷானாவை எனக்குப் பிடிக்கும். உன்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்திருக்கிறாள் என்பதால் அவள் புத்தியைப் பற்றித்தான் கொஞ்சம் கவலை.

பல்லிக்காக நான் சபையை விட்டேன் என்று உனக்கு யார் சொன்னது? அப்பாவா? அந்தப் பத்திரிகையை மேஜை மேல் போட்டது அவர் வாயை அடைக்க. வீட்டை விட்டுப் போகிறவளுக்குக் கையில் எது கிடைக்கிறதோ அதைத்தானே எறிவாள்.

நடந்தது வேறு. நீ அப்போது ஊழியத்துக்காக டென்மார்க்கில் கதவு தட்டிக்கொண்டிருந்தாய். நான் பாடம் எடுத்த ஞாயிறு வகுப்பில் ஒரு அம்மா கேட்டாள், தகடுகளில் இருந்ததை ஜோசப் எப்படி மொழிபெயர்த்தார் என்று. பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் எழுதி வைத்ததை வாசித்துக் காட்டினேன். ஒரு கல்லைத் தொப்பிக்குள் போட்டு, முகத்தைத் தொப்பியில் புதைத்துக்கொண்டு வரி வரியாகச் சொன்னார் என்று. அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு மேடையிலிருந்து, "சிஸ்டர் லரே ஜோர்கென்சனை இந்தப் பொறுப்பிலிருந்து விடுவிக்கறோம், அவங்க சேவைக்கு நன்றி சொல்றவங்க கை தூக்குங்க" என்றார்கள். சபை முழுக்கக் கை தூக்கியது. எனக்கு முன் வரிசையில் அப்பா. அவரும் தூக்கினார். ஒருத்தரும் என்னைத் திட்டவில்லை. நன்றி சொல்லியே வெளியே அனுப்பினார்கள்.

இன்னொன்று. பொய்க் கடிதம் என்று குதிக்கிறாயே, அந்தக் கொலைகாரன் யாருக்கெல்லாம் சரக்கு விற்றான்? நம் சபைத் தலைவர்களுக்கும்தான். எதிரே உட்கார்ந்து கை குலுக்கியிருக்கிறான். கடவுளிடம் கேட்டுச் சொல்கிறவர்களுக்கு எதிரே இருப்பவன் பொய்யன் என்று தெரியவில்லை. கடைசியில் சொன்னது நுண்ணோக்கி. பிரசவ வார்டில் என் கீழ் வேலை பார்க்கும் பெண்களுக்கே பொய் வலிக்கும் நிஜ வலிக்கும் வித்தியாசம் தெரியும்.

எங்களைப்போல வெளியே வந்தவர்கள் அச்சடித்த புத்தகம் ஒன்றை இத்துடன் அனுப்புகிறேன். மிசூரியில் "இந்தத் தலைமுறையிலேயே" கட்டப்படும் என்று ஜோசப் சொன்ன ஆலயம், மனைவிக்குத் தெரியாமல் அவர் செய்துகொண்ட கல்யாணங்கள், எல்லாம் இருக்கிறது. பெரிய சோதனைக்கூடக்காரனாயிற்றே. சோதி.

லரே


சால்ட் லேக்
ஏப்ரல் 12, 1987

அக்கா,

சோதித்தேன். இரண்டு மாதச் சனிக்கிழமைகள் நூலகத்தில் போயின. ஷானா என்னிடம் பேசுவதைக் குறைத்துவிட்டாள்.

முதலில் உன் புத்தகம். எழுதியவன் சோம்பேறி. நம் மறைநூல் செத்துப்போன ஒரு போதகருடைய நாவலிலிருந்து திருடியது என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறான். அந்த நாவலின் கையெழுத்துப் பிரதி நூறு வருடத்துக்கு முன்பே ஹவாயில் ஒரு பெட்டியிலிருந்து கிடைத்துவிட்டது. அச்சிலும் வந்திருக்கிறது. நான் உட்கார்ந்து படித்தேன். படித்து முடிப்பதே ஒரு உபவாசம். இரண்டுக்கும் சம்பந்தமில்லை. "அது வேற பிரதி, நெஜமானது இன்னும் கிடைக்கல" என்று இழுக்கிறார்களாம். எங்கள் கூடத்தில் அப்படிச் சொன்னால் அன்றே சீட்டுக் கிழியும்.

தெற்கு மாநிலங்கள் பிரிந்து உள்நாட்டுப் போர் வரும் என்ற ஜோசப்பின் தீர்க்கதரிசனம் போருக்குப் பிறகு எழுதிச் சேர்த்தது என்கிறான். பொய். போர் தொடங்கியது 1861. அது லிவர்பூலில் அச்சானது 1851. ஆனால் அவன் சொல்லாமல் விட்ட நல்ல கேள்வி ஒன்று உண்டு. அதை நானே சொல்கிறேன். ஜோசப் அதைச் சொன்ன 1832 டிசம்பரில் எல்லாப் பத்திரிகையிலும் தென் கரோலினா மத்திய அரசோடு போட்ட சண்டைதான். பேப்பர் படித்தவன் எவனும் ஊகித்திருக்கலாம். ஊகம் தப்பியிருக்கவும் கூடும், தப்பவில்லை. இதைச் செல்லும் என்றும் சொல்லமாட்டேன், செல்லாது என்றும் சொல்லமாட்டேன்.

மிசூரி ஆலயம் கட்டப்படவில்லை. அந்தத் தலைமுறை முழுக்க மண்ணுக்குள் போய்விட்டது. "தலைமுறை என்றால் ஒரு யுகம்" என்று நம்மவர்கள் எழுதிய விளக்கங்களையும் படித்தேன். ரப்பரை இழுக்கிற வேலை. தோற்ற தீர்க்கதரிசனம் என்று என் கையாலேயே எழுதுகிறேன். மறைத்துச் செய்த கல்யாணங்கள் நடந்திருக்கின்றன. நாமே ஒரு இரண்டாம் மனைவியின் வம்சம்தான், அதற்காக ஜோசப்பின் மனைவி எம்மாவுக்குத் தெரியாமல் நடந்ததற்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன்.

தொப்பிக்குள் கல் உண்மை. போன வாரம் எங்கள் வகுப்பில் கேட்டேவிட்டேன். பாடம் எடுத்தவர் பிரதர் ஆஸ்லர். சுவரில் வழக்கமான படம். ஜோசப் மேஜையில் தகடுகளை விரித்து விரல் வைத்து வாசிக்கிறார்.

"இப்படி நடக்கல பிரதர்" என்றேன்.

"அதெல்லாம் நமக்கெதுக்குப்பா? படம் படமா இருக்கட்டுமே."

"வரஞ்சவர் அங்க இருந்தாரா?"

"நீ இருந்தியா?"

"இல்ல. இருந்தவங்க எழுதியிருக்காங்க. தொப்பின்னு எழுதியிருக்காங்க."

பின்னாலிருந்து ஒருத்தன், "கவ்பாய் தொப்பியா, பேஸ்பால் தொப்பியா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ஆஸ்லரும் சிரித்துவிட்டு ஜெபம் சொல்லி வகுப்பை முடித்துவிட்டார். உன் வகுப்பைப் பிடுங்கினார்கள். எனக்குப் பிடுங்க வகுப்பு இல்லை.

கொலைகாரனோடு கை குலுக்கியது பற்றி. தீர்க்கதரிசி எல்லா நேரமும் தீர்க்கதரிசி இல்லை, அந்தப் பணியில் இருக்கும்போது மட்டும்தான் என்று ஜோசப்பே சொல்லியிருக்கிறார். வசதியான பதில், தெரியும். வசதியாக இருப்பதாலேயே பொய்யாகிவிடாது.

இவ்வளவையும் கழித்த பிறகும் எனக்கு மிச்சம் இருக்கிறது. ஜோசப்புக்கு அப்போது இருபத்து மூன்று வயது, சரியாகப் பள்ளிக்கூடம் போகாதவன். அவன் சொல்லச் சொல்ல ஒரு வசந்த காலத்தில் அவ்வளவு பெரிய புத்தகம் எழுதப்பட்டிருக்கிறது. எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. உன் புத்தகக்காரனுக்கும் தெரியவில்லை, தெரிந்த மாதிரி நடிக்கிறான். தகடுகளைப் பார்த்ததாகக் கையெழுத்திட்ட மூன்று பேரும் ஜோசப்போடு சண்டை போட்டுப் பிரிந்தார்கள். ஒருத்தன்கூட "பார்க்கவில்லை" என்று மாற்றிச் சொல்லவில்லை. சண்டை போட்டுப் போகிறவள் கையில் கிடைத்ததை எறிவாள் என்று நீதான் எழுதினாய். அவர்கள் கையில் கிடைத்த பெரிய கல் அதுதான், எறியவில்லை.

நான் நம்புகிறேன். நிரூபித்தேன் என்று சொல்லவில்லை. நீ எப்போது பிஷப்பைப் பார்க்கப் போகிறாய்?

கார்த்


யூஜீன்
ஏப்ரல் 24, 1987

கார்த்,

கண்ணியமாகப் பார்த்திருக்கிறாய். புத்தகக்காரன் சோம்பேறிதான், ஒப்புக்கொள்கிறேன். சாட்சிகளில் ஒருத்தர் ஆவிக்குரிய கண்ணால் பார்த்ததாகச் சொன்னார் என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள், அதையும் உன் தராசில் போடு. நான் மேலே வாதாடப் போவதில்லை. உன் கடிதத்தின் கடைசி வரி மட்டும் எனக்கு வேண்டாம்.

அந்தச் சீட்டுக்கு பிஷப் என்ன கேட்பார் என்று உனக்கே தெரியும். சபைத் தலைவரைத் தீர்க்கதரிசி என்று ஏற்கிறாயா என்பார். ஏற்கவில்லை. "ஆமாம்" என்று ஒரு பொய் சொன்னால் போதும், உள்ளே வந்து வெள்ளை உடையில் உன் பக்கத்தில் உட்காரலாம். அப்படிச் செய்தவர்கள் பத்துப் பேரையாவது எனக்குத் தெரியும், மகள் கல்யாணத்துக்காக, பேரன் கல்யாணத்துக்காக. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். என்னால் முடியாது. ஒரு பொய்க் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு இத்தனை ஆட்டம் ஆடினாயே, ஒரு பொய் அக்கா உனக்கு எதற்கு?

புல்வெளியிலும் நிற்கமாட்டேன். அம்மா போன பிறகு உனக்குப் பள்ளிக்கூடத்துக்குச் சாப்பாடு கட்டியவள் நான். உன் கல்யாணத்தின்போது கதவுக்கு வெளியே டயபர் பைக்குக் காவல் இருக்கமாட்டேன். ஷானாவுக்கு ஒரு போர்வை பின்னுகிறேன். தபாலில் வரும்.

லரே


சால்ட் லேக்
மே 10, 1987

அக்கா,

போர்வையைத் தபாலில் அனுப்பாதே.

போன ஞாயிறு உபவாச ஞாயிறு. யார் வேண்டுமானாலும் மேடையேறிச் சாட்சி சொல்லலாம். எல்லோரும் "எனக்குத் தெரியும்" என்றுதான் ஆரம்பிப்பார்கள், பல் முளைக்காத பிள்ளையைத் தூக்கிவந்து காதில் ஓதி அதையும் சொல்ல வைப்பார்கள். நான் ஏறி, "எனக்குத் தெரியாது, நம்பறேன். தொப்பியும் உண்மை, மிசூரி ஆலயம் கட்டாததும் உண்மை, ரெண்டையும் தெரிஞ்சுக்கிட்டே நம்பறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

சாயங்காலம் பிஷப் கூப்பிட்டு அனுப்பினார். பிஷப் ஸ்டாக்கர், வாரநாளில் டயர் கடை. சீட்டுக்கான கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் ஆமாம் என்றேன், ஒன்றும் பொய்யில்லை. பேனாவை எடுத்தார்.

"பொறுங்க பிஷப். செப்டம்பர்ல எங்களுக்கு சர்ச் ஹால்ல நீங்களே கல்யாணம் பண்ணி வைக்க முடியுமா? சட்டப்படி. ஆலயம் அப்புறம்."

பேனாவைக் கீழே வைத்தார். "அப்படிப் பண்ணா ஆலயத்துல நித்தியத்துக்கும் சேத்து வைக்கற முத்திரிப்புக்கு ஒரு வருஷம் காத்திருக்கணும். தெரியுமில்ல?"

"தெரியும்."

"ஊரு என்ன நெனைக்கும்னு தெரியுமா? ஆலயத்துக்குப் போற தகுதி இல்ல, ஏதோ தப்புப் பண்ணிட்டாங்க, அவசரமா ஹால்ல முடிக்கறாங்கம்பான்."

"நெனைக்கட்டும்."

"பொண்ணையும் சேத்துத்தான் நெனைப்பாங்க, கார்த்."

ஷானாவிடம் போனேன். எஃப்ரையம் ஊரில் தன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் விடைத்தாளைத் திருத்திக்கொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டாள். சிவப்புப் பேனாவைக் கீழே வைக்கவில்லை.

"எங்கம்மா காலண்டர்ல விரல் வெச்சு மாசம் எண்ணுவா. அவ மட்டுமில்ல, தெருவே எண்ணும்."

"எண்ணட்டும்."

"உனக்கென்ன, வயித்தையா பாக்கப் போறாங்க உனக்கு?" பிறகு கேட்டாள், "இது உங்கக்காவுக்காகவா, இல்ல நீ ஜெயிக்கணும்னா?"

"ரெண்டும்."

"பொய் சொல்லல. ரெண்டாவது மட்டும்னா மோதிரத்தக் கழட்டியிருப்பேன்." இன்னும் இரண்டு விடைத்தாள் திருத்தினாள். "சரி. ஒரு வருஷம் எண்ணட்டும். எண்ணி ஏமாறட்டும்."

ஆக, செப்டம்பர் 12. ஆலயம் இல்லை, எங்கள் சர்ச் ஹால். கூடைப்பந்து வளையத்தை மேலே தூக்கிக் கட்டி, அதன் கீழே. சீட்டு வேண்டாம். முன் வரிசையில் நாற்காலி.

அப்பாவிடம் சொன்னேன். கோழிக் கொட்டகையில் வான்கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். "நான் வரல" என்றார்.

கார்த்


யூஜீன்
மே 21, 1987

கார்த்,

முட்டாள். நான் இதைக் கேட்டேனா?

நீ நம்புகிறவன். உன் கணக்குப்படி அந்த அறையில் நடப்பது நித்தியத்துக்கும் நிற்பது. அதை ஒரு வருடம் தள்ளிப்போட்டு, ஷானாவை ஊர் வாயில் போட்டு, அப்பாவை வெளியே நிறுத்தி, நம்பாத எனக்கு ஒரு நாற்காலி. நடுவில் வண்டி மோதி உங்களில் ஒருத்தர் போனால்? அப்போது உன் நம்பிக்கை என்னைப் பார்த்து என்ன சொல்லும்? அந்தப் பாரத்தை என் தலையில் வைக்காதே. மாண்டிக்கே போ. நான் கோபித்துக்கொள்ளமாட்டேன். கோபமாகத்தான் இருப்பேன், ஆனால் சொல்லமாட்டேன்.

உள்ளே நான் இருந்தால் அப்பா வெளியே. அப்பா உள்ளே இருந்தால் நான் வெளியே. இப்படி ஒரு வாசலை எவன் கட்டினான்?

லரே


சால்ட் லேக்
ஜூன் 3, 1987

அக்கா,

உன்னை அனுமதி கேட்கவில்லை. அழைத்திருக்கிறேன்.

செத்துப்போனவர்களுக்குக்கூட ஆலயத்தில் முத்திரிப்புச் செய்கிறோம், நடுவில் வண்டி மோதினாலும் கடவுளுக்குக் கணக்குத் தெரியும். ஒரு வருடக் காத்திருப்பு என்பது ஆபீஸ் விதி. மற்ற பல நாடுகளில் அரசாங்க ஆபீசில் கல்யாணம் முடித்துவிட்டு மறுநாளே ஆலயத்துக்குப் போகிறார்கள், டென்மார்க்கில் நானே பார்த்தேன். ஆகவே அது கடவுள் விதி இல்லை. இல்லாததைக் கடவுள் விதி என்று நான் பயப்படமாட்டேன், கடவுள் விதியை இல்லை என்றும் சொல்லமாட்டேன். நீ ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம், இரண்டு பேரும் என்னைப் பிடித்து இழுத்தால் நான் இருக்கிற இடத்திலேயே நிற்பேன்.

அப்பாவுக்கு ஊர்ப் பேச்சுதான் பெரிதாகப் போய்விட்டது. இருக்கட்டும். வராவிட்டால் அவர் இஷ்டம்.

பதினோரு மணிக்கு. பத்தரைக்கே வா.

கார்த்


யூஜீன்
செப்டம்பர் 16, 1987

கார்த், ஷானா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். பச்சை ஜெல்லிக்குள் கேரட்டைத் துருவிப் போட்டது யார்? இரண்டு வருடத்தில் நான் மறந்திருந்த ஒரே கொடுமை அது.

ஷானா, உன் அம்மா என்னிடம் வந்து, "கல்யாணம் நல்லா நடந்தது, எல்லாம் நல்லபடியா இருக்கு, எல்லாம் ஒழுங்கா இருக்கு" என்று மூன்று தடவை சொன்னார். பாவம், கூட்டத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி.

கார்த், உன்னிடம் சொல்லாமல் வந்த ஒன்று இருக்கிறது. பிஷப் பேச எழுந்தபோது ஜன்னல் வழியாக அப்பாவின் பிக்கப்பைப் பார்த்தேன். வண்டி நிறுத்துமிடத்தின் கோடியில், கோட்டும் டையும் போட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நீ கட்டி முடிக்கும் வரை நான் அசையவில்லை, அதற்குத்தானே ஆயிரம் மைல் வந்தேன். நாற்காலிகளை மடிக்க ஆரம்பித்ததும் வெளியே போனேன்.

கதவைத் திறந்துவிட்டார். ஏறி உட்கார்ந்தேன். இரண்டு வருடத்துக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு இது.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"அழுதானா?"

"அவன் எங்க அழறது. ஷானா அழுதா."

சரமாரியாகக் கேட்கக் கேள்விகள் வைத்திருந்தேன். கை தூக்கினீர்களே, ஏன் என்று. ஊர்ப் பேச்சு அவ்வளவு பெரிதா என்று. கேட்டேன்.

"ஊரு என்ன சொன்னா எனக்கென்னம்மா. வான்கோழிக்காரன எவன் பேசறான்." டையைத் தளர்த்திவிட்டுச் சொன்னார். "ஹால்ல பண்ணா பிஷப் என்ன சொல்லுவார் தெரியுமில்ல. இந்த உடம்புல உயிர் இருக்கற வரைக்கும் புருஷன் பொண்டாட்டின்னு. அத்தோட நிறுத்திடுவார். உங்கம்மாவ நான் அப்படிக் கட்டல. அப்படிக் கட்டியிருந்தா அவ போன இந்தப் பதிமூணு வருஷமா எனக்குப் பொண்டாட்டி இல்லன்னு ஆயிடும். என் பையனப் பாத்து ஒருத்தர் அந்த வார்த்தைய சொல்றத நான் உள்ள உக்காந்து கேக்கணுமா?"

நான் எந்தப் புத்தகத்தை எடுத்து அவருக்குக் காட்டுவது? எந்தத் தொப்பியை? என்னிடம் இருந்த கேள்வியெல்லாம் யார் எப்போது எதை எழுதினார்கள் என்பதுதான். அவர் சொன்னது அதில் எதிலும் சேரவில்லை. அது உண்மை என்று நான் சொல்லவில்லை. எனக்கு உண்மையில்லை.

கை தூக்கியதைப் பற்றி அவர் பதில் சொல்லவில்லை. நான் இன்னொரு தடவை கேட்பேன், விடமாட்டேன். அடுத்த செப்டம்பரில் நீங்கள் இருவரும் மாண்டிக்குப் போகும்போது அவர் உள்ளே இருப்பார், நான் யூஜீனில் இருப்பேன். புல்வெளியில் நிற்கமாட்டேன் என்று சொன்னது சொன்னதுதான். அன்று காலை அவருக்கு நான் போன் போடுவேன், உள்ளே போவதற்கு முன்னால். எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

பிக்கப்பின் கண்ணாடியை இறக்கிவிட்டேன். உள்ளே பியானோ வாசிக்க ஆரம்பித்திருந்தார்கள், நீங்கள் ஆடிக்கொண்டிருந்திருப்பீர்கள். கார்த் ஆடினால் எப்படி இருக்கும் என்று அப்பாவுக்குத் தெரியும். ஒரு கையால் செய்து காட்டினார். இரண்டு பேரும் அந்தப் பாட்டு முடிகிற வரை வண்டியிலேயே இருந்தோம்.

லரே